முந்தானை செருகிய கை

ஐப்பசி 5, செவ்வாய்.
விடியலிலிருந்து தூறல். வலது தோளில் செயற்கை மூட்டு வைத்து இன்றோடு இருபத்தாறு நாள். மடியில் தலையணை, அதன்மேல் கை, நோட்டு. எழுத்து கோணல்தான்.

காலைப் பயிற்சிக்கு, கையைத் தாங்கும் பெல்ட்டைக் கழற்றினேன். இடது கையை மேசையில் ஊன்றிக் குனிய வேண்டும். வலது கை தொங்கியபடி தானாக ஆட வேண்டும். பத்துத் தரம். குனியுமுன், எந்த வேலைக்கும் செய்கிற மாதிரி, முந்தானையை இழுத்துச் செருகினேன். வலது கையால். முதுகுப் பக்கம் கொண்டுபோய்.

தோளுக்குள் டக்.

அப்புறம்தான் உறைத்தது. பிசியோ பொண்ணு ஷமீமா முதல் நாளே சொன்னாள்: "கையைப் பின்னாடி மட்டும் கொண்டு போயிராதீங்கம்மா. புது மூட்டு கழண்டுரும்."

இவர் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். "பத்தும் ஆச்சா?"
"ஆச்சு."
பொய். பயிற்சி: 0.

6, புதன்.
வலி. புதுசா, பழசா? கண்ணாடியில் வலது தோள் இறக்கம். முன்பே அப்படித்தானா? வீக்கம் இல்லை. விரல் அசைகிறது. மீனாட்சி, இன்னொரு தடவை கத்தி வேண்டாம் தாயே.
"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"
"மழை" என்றேன்.
பயிற்சி: 0.

7, வியாழன்.
பிசியோ நாள். இவர் வெளியே பெஞ்சில். "எத்தனை செஞ்சீங்க?" என்று ஷமீமா கேட்டதும் அழுதுவிட்டேன். எல்லாம் சொன்னேன்.

உடனே எக்ஸ்ரே. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எம்புட்டு நேரம்! "மூட்டு இருந்த இடத்துலதான் இருக்கு. சதைதான் பிடிச்சிருக்கு."

ஷமீமா சிரிக்கவில்லை. "ரெண்டு நாள் எப்படிம்மா மறைச்சீங்க? கழண்டிருந்தா அன்னிக்கே வந்தாத்தான் சுலுவு. நாள் போனா மறுபடி ஆபரேசன்தான். பேசாம நைட்டி போடுங்க."
"நைட்டியோட எப்படிச் சாமி விளக்கு ஏத்துறது?"
"சாமி வந்து கேட்டுச்சாக்கும்?"

ஷேர் ஆட்டோவில் இவரிடம் சொன்னேன். அவனியாபுரத்தில் இறங்கும்போது இவர், "என்கிட்ட ஆச்சுன்னு சொன்னியே."

8, வெள்ளி.
மழை இல்லை. இடது கையால் அரை மணி நேரம் சேலை சுற்றினேன். குனிந்ததும் முந்தானை சரிந்தது. இவர் வந்து நுனியைப் பிடித்துக்கொண்டார்.
"ம், ஆட்டு."
"ஆட்டக் கூடாது. அதுவா ஆடணும்."
"சரி, ஆடட்டும். ஒண்ணு... ரெண்டு..."
பத்து சொன்ன பிறகும் நுனியை விடவில்லை.