குப்புராஜுக்குக் கயிறு பிடிப்பது யார்

நல்லம்பள்ளி,
மே 12

அன்புள்ள மாப்பிள்ளை குப்புராஜுக்கு,

குரு எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். போனில் பேசினால் 'சரி, சரி' என்று வைத்துவிடுவாய். அதனால் எங்கள் வீட்டில் கிடந்த உன் பாறையேற்ற ஷூவைக் கூரியரில் போடும்போதே இந்தக் கடிதத்தையும் உள்ளே வைக்கிறேன்.

ஜூன் ஆறாம் தேதி தருமபுரியில் ரயில் ஏறிப் பெங்களூர் வந்துவிடுவேன். அங்கிருந்து இருவரும் சண்டிகர், பிறகு மணாலிக்குப் பஸ். முதல் இரண்டு நாள் பாறையைத் தொடக் கூடாது. அந்த உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும். நீ இறங்கியதும் குரங்கு மாதிரி தாவுவாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கயிறு அறுபது மீட்டர், புதியது. பம்புசெட் தூக்க யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று என் கடையில் வைக்காமல் வீட்டு பீரோவில் பூட்டியிருக்கிறேன்.

உன் மெசேஜைப் பார்த்தேன். நான் தவறினால் தாங்க, அங்கேயே ஒரு கைடு கீழே நின்று கயிறு பிடிக்கட்டும், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். பத்து வருடப் பழக்கத்தில் ஒரு நாளும் இப்படி மரியாதையாகப் பேசியவன் இல்லை நீ.

மலையில் தேன் எடுக்க இறங்குகிறவனுக்கு அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பார்கள். தங்கையின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. ராமநகரப் பாறையில் பயிற்சியாளர் உனக்கு வேறொருவரை ஜோடி சேர்த்தபோது, 'எம் மச்சான் இருக்கறப்ப வேற யாருங்க' என்று நீதான் மறுத்தாய். அன்றிலிருந்து நான்தான் பிடிக்கிறேன். இப்போது தங்கை பிரியதர்ஷினி உன்னை விட்டு இங்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. விவாகரத்து மனுவில் இருவரும் கையெழுத்தும் போட்டாயிற்று. உறவு முடிந்தால் என் பிடியும் தளர்ந்துவிடும் என்று நினைத்துவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கடைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். உன்மேல் தப்பில்லை. என் தங்கை பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, நீ கிடைத்தால் காலை உடைப்பேன் என்று தெருவில் நின்று கத்தியது நான்தான். அது உன் காதுக்கும் வந்திருக்கும். உங்கள் இருவரில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒன்று செய்வோம். மூன்றாம் நாள் சின்னப் பாறை ஒன்றில், மேலே மாட்டிய கயிற்றில், இரண்டு ஆள் உயரம் ஏறு. ஏறி இரண்டு கையையும் விட்டுவிடு. நான் பிடிக்கிறேன். விட மனம் வரவில்லை என்றால் கைடே பிடிக்கட்டும். நான் ஓரமாக உட்கார்ந்து டீ குடிப்பேன், எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பயணத்தைப் பற்றிப் பிரியதர்ஷினியிடம் மறைக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே, கயிறு யார் பிடிப்பது என்று கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். இன்னும் இரண்டு துணி மடித்தாள். பிறகு, 'வேற யாரு கையிலயும் குடுத்துராதண்ணா. நீயே புடி' என்றாள்.

இதை உனக்குச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை. நீ நல்லபடியாக ஏறி நல்லபடியாக இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
குரு