வளைந்த சுவரை வளைந்தே போடு

பதுளை
15.03.1987

அன்புள்ள ஞானத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். லண்டனில் குளிர் குறைந்து நீயும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவை இருமல் விட்டுவிட்டது, பீடியை அவர் விடவில்லை. ஒரு வாரமாக மழை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மற்றவை வழக்கம்போல்.

உன் கடிதமும் அதற்குள் வைத்திருந்த இரண்டு தாள்களும் கிடைத்தன. கம்ப்யூட்டரை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது வரைந்த படத்தை வாசிக்க முடிகிறது. படம் வரைய நீ பார்த்துவைத்த இரண்டில் முதல் புரோகிராம் மலிவு, ஒரு வாரத்தில் பழகிவிடலாம், போடும் கோட்டைத் தானே நேராக்கி ஓரடிக் கட்டத்தில் உட்காரவைத்துவிடும் என்கிறாய். இரண்டாவதில் ஒவ்வொரு மூலைக்கும் நீயே எண் கொடுக்க வேண்டும், பழக மாதக்கணக்காகும், ஜூலையிலோ மாடல் செய்கிற உங்கள் சங்கத்தின் கண்காட்சி. நம் தேயிலைத் தோட்டத்து லயத்தை, அந்த வரிசைவீட்டை, அட்டையில் செய்து அங்கே வைக்க எதை வாங்கலாம் என்று கேட்கிறாய். முதலாவதே போதும், சின்ன வீடுதானே, நேர்கோடு பார்க்க லட்சணமாக இருக்கும் என்று சங்கச் செயலாளர் சொன்னாராம். அவர் அதில் குடியிருந்தவரில்லை.

பதிலுக்கு முன் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். லயத்தில் நம் ஒற்றை அறை, அந்தக் காம்பரா, பன்னிரண்டடிக்குப் பத்தடி என்று போன கடிதத்தில் எழுதினேன். அது நான் அளந்ததில்லை. தோட்டத்து ஆபீசில் மாட்டியிருக்கும் பழைய பிளானைப் பார்த்து எழுதியது. அந்தக் காம்பராவில் பிறந்தவள் நான். பேராதனைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தவள். காகிதத்தில் இருந்ததால் நம்பினேன். இன்னும் அங்கேயே இருக்கிற உன் வடிவு சித்தியிடம் சொன்னேன். ஏக்கா, அந்தப் படத்துக்குள்ளயா நாங்க குடியிருக்கோம் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போக நமுனுகுல பஸ் ஏறினேன். அளக்கத் தொடங்கியதும் ஆபீஸ் கிளாக்கர் வந்துவிட்டார். டீச்சர், மேனேஜர் தொரகிட்ட கேக்காம லயத்த அளக்கக் கூடாதுங்க, அதான் பிளான் இருக்கே என்றார். அளந்தா லயம் தேஞ்சிருமாங்களா ஐயா என்றாள் உன் சித்தி. நான் நிறுத்தவில்லை. பிளானைத் திருத்த வேண்டியிருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வோர் அளவையும் உரக்கச் சொன்னேன். அவர் எழுதவில்லை. ஆனால் கடைசி வரை நின்று கேட்டார்.

நீளம் பதினோரடி ஏழங்குலம். அகலம் ஒன்பதடி எட்டங்குலம். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பதினைந்தடி நாலங்குலம், மற்ற இரண்டு மூலைகளுக்கு இடையே பதினாலடி பத்தங்குலம். ஆக, அறை கோணல். கொழுந்தெடுக்கும்போது செடிமேல் வைத்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைச் சித்தி பின்சுவரில் படுக்கவைத்துப் பிடித்தாள். கம்பு நடுவில் மட்டும் தொட்டது. சுவர் இரண்டங்குலம் உள்ளே வயிறு தள்ளியிருக்கிறது. அதற்குப் பின்னால் மண்மேடு.

இந்த எண்களை உன் முதல் புரோகிராமில் போட்டுப் பார். பதினோரடி ஏழங்குலம் பன்னிரண்டாகும். ஒன்பதடி எட்டங்குலம் பத்தாகும். மறுபடியும் ஆபீஸ் பிளான். அந்த அறையில் என் அம்மா, அப்பா, பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர் என்று ஏழு பேர் படுத்தோம். ஐந்தங்குலம் எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. போன கடிதத்தில் அதை நானே தூக்கி எறிந்திருக்கிறேன். நீயும் எறியாதே.

இரண்டாவதை வாங்கு. ஜூலை தவறினால் தவறட்டும். கண்காட்சி அடுத்த வருஷமும் வரும். கோணலாக இருக்கிறதே, உனக்குச் செய்யத் தெரியவில்லையா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். எண்களைக் காட்டு. சுவரை மட்டும் யாருக்காகவும் நிமிர்த்தாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவெல்லாம் திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. கதிர்காமத்தான் உன் பக்கத்தில் இருக்கட்டும். நல்லா இரு. மறக்காமல் ஒன்று செய். மாடலுக்கு முன்னால் ஒரு பெயரட்டை வைப்பார்களாம், தோட்டத்துக் குடிசை என்று எழுதச் சொல்வார்கள். லயம் என்று எழுது. கீழே நீள அகலத்தைப் போடு, அங்குலத்தையும் சேர்த்து.

உன் அம்மா,
விசாலாட்சி