இடது கட்டைவிரல்

என் எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். வரி மேலே ஏறுகிறது, பிறகு சரிகிறது. தண்டவாளத்தை நூல் பிடித்தாற்போலப் போட்ட கையா இப்படி எழுதுகிறது என்று கேட்பாய். மேல் ஓரத்தில் ஒரு நீலக் கறை இருக்கிறதே, அது எழுத்து அல்ல. பேனா கசிகிறது. காகிதம் நகராமல் இருக்க இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். விரலை எடுத்தபோது அதன் ரேகை அப்படியே பதிந்திருந்தது. வேறு ஏதோ எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ரேகையைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

நீ போய் நாலு மாதம் கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடத்தும் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். வாரம் இரண்டு நாள். என்னைத் தவிர எல்லாரும் பெண்கள். ‘பாஸ்போர்ட்’ என்று எழுத எனக்கு அரை நாள் ஆனது. எழுதி முடித்து, அந்தத் தாளை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். தேத்தண்ணி கலக்கும்போது ஒருமுறை படிப்பேன். குடித்துவிட்டு இன்னொருமுறை படிப்பேன். ஒவ்வொரு முறையும் அது பாஸ்போர்ட் என்றே இருக்கிறது. உனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. நீ எட்டாவது வரை படித்தவள்.

உன் கையெழுத்தை நான் முதலில் பார்த்தது நாகப்பட்டினத்தில், கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில். தங்கைகளை எல்லாம் கட்டிக்கொடுத்து, மலேசிய ரயில்வேயில் தண்டவாளம் பார்த்துக்கொண்டே நாற்பது வயதைத் தாண்டி, கப்பலேறி உங்கள் ஊருக்கு வந்து உன்னைக் கட்டிக்கொண்டவன் நான். மாலை வாடாத கழுத்தோடு நீ குனிந்து உன் பெயரை எழுதினாய். எழுத்துகள் ஒன்றின் பின் ஒன்றாக, ஆற்றில் போகும் வாத்துகள் மாதிரி நகர்ந்தன. கடைசி எழுத்துக்கு வாலில் ஒரு சுழி போட்டாய். நான் அந்தச் சுழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் யாரோ என் கையைப் பிடித்தார்கள், எதிலோ அழுத்தினார்கள், விட்டார்கள். அவ்வளவுதான் எனக்கு நினைவு.

பிறகு கப்பல். ஏழு நாளும் கடல் ஒரே நீலமாக இல்லை. காலையில் பால் கலந்த மாதிரி இருக்கும், மத்தியானம் கண்ணைக் கூசும், சாயங்காலம் உன் கூறைப்புடவையின் நிறத்துக்கு வந்துவிடும். நீ மேல்தளத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புடவையைக் காட்டி ஏதோ திட்டிக்கொண்டே வந்தாய். எனக்கு அரைத் தூக்கம். அலைச் சத்தமும் உன் குரலும் ஒன்றாகக் கலந்து கேட்டன. என்ன திட்டினாய் என்று அன்று கவனித்திருந்தால் பின்னால் அவ்வளவு பயந்திருக்க வேண்டாம்.

கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியபோது உன் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். படித்துப் பார்த்துவிட்டு, “மூணு மாசம்னு போட்டிருக்கே. பொண்டாட்டிக்கு மூணு மாசந்தானா?” என்று கேட்டாய்.

“அப்புறம் கூட்டுவாங்க லா, பயப்படாதே” என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் வீட்டுக்கு வந்து உன் தகரப் பெட்டியைச் சுவரோரம் வைத்தாய். பிரிக்கவில்லை. தினமும் அதைத் திறந்து ஒரு புடவையை எடுப்பாய், துவைத்துக் காயவைத்து மடித்துத் திரும்ப அதிலேயே வைப்பாய். அலமாரியில் உனக்காக ஒரு தட்டைக் காலி செய்து, பழைய நாளிதழ் விரித்துவைத்திருந்தேன். அது காலியாகவே கிடந்தது. “இருக்கச் சொல்லிட்டாங்கன்னா அடுக்குறேன். அடுக்கிட்டுத் திருப்பி எடுக்க என்னால ஆகாது” என்றாய். வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

உனக்கு நினைவிருக்கும், கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள அஞ்சடி நடைபாதையில் டைப் மெஷினோடு உட்கார்ந்திருந்த அந்த யாழ்ப்பாணத்து ஐயா. அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுத எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். நம் இரண்டு பேரையும் ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“இஞ்ச பாரும், மூண்டு வழி இருக்கு. ஒண்டு, இந்த மூண்டு மாசப் பாஸைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டிக்கொண்டு போறது. எப்ப நிப்பாட்டுவினம் எண்டு ஆருக்கும் தெரியாது. ரெண்டாவது, அவ ஊருக்குத் திரும்பிப் போய் அங்கயிருந்து மனுப் போட்டிட்டுக் காத்திருக்கிறது. அது வருசக் கணக்கில ஆகும். மூண்டாவது, இந்த நாட்டுக் குடிமகன்ர மனுசி எண்டு இஞ்சயிருந்தே நிரந்தரமாத் தங்கக் கேக்கிறது. அதுக்கு உங்கட கலியாணம் உண்மையானது எண்டு அவையள் நம்ப வேணும்.”

“வேற வழி இல்லையா ஐயா?”

“இருக்கு. நீர் வேலையை விட்டிட்டு அவவோட நாகப்பட்டினம் போகலாம்.”

“அங்க போயி நான் என்ன செய்றது? எனக்குத் தெரிஞ்சது தண்டவாளம்தான்.”

அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த நீ நிமிர்ந்தாய். “எங்க ஊர்லயும் ரயில் ஓடுது. என்னமோ நீங்க மலேசியாவுலதான் ரயிலக் கண்டுபுடிச்ச மாதிரி பேசுறீங்க.”

ஐயா சிரித்த சிரிப்பில், நம் பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்த தாளில் எழுத்து தப்பாகி, அதைக் கிழித்துவிட்டு வேறு தாள் போட்டார். மூன்றாவது வழியிலேயே போனோம். அவர் தட்டினார், நீ கையெழுத்துப் போட்டாய், நான் வலது கட்டைவிரலை வைத்தேன். ரயில்வேயில் லீவு கேட்கும் தாளிலிருந்து எல்லாவற்றிலும் நான் நீட்டியது வலது கைதான். ஊதா மை அதன் ரேகைக்குள் ஊறியே இருந்தது.

நேர்முகத்துக்குக் கூப்பிட்ட அன்று உன் பாஸ் முடிய எட்டு நாள் இருந்தது. இருப்பதில் நல்லதைக் கட்டிக்கொள் என்றேன். நீ கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டாய். இமிகிரேசன் ஆபீஸில் அத்தனை பேருக்கு நடுவில் நீ இன்றைக்குத்தான் கல்யாணம் ஆனவள் மாதிரி உட்கார்ந்திருந்தாய். உன்னை ஓர் அறைக்கும் என்னை ஓர் அறைக்கும் அனுப்பினார்கள். உனக்கு மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் உன்னோடு வந்தார்.

என் அறையில் இருந்த மலாய் அதிகாரி தன்மையானவர். இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நம் மனு. இன்னொன்று நாகப்பட்டினத்துப் பதிவுத் தாள். மனுவில் இருந்த ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பதிவுத் தாளில் இருந்த ரேகையில் கோடு இல்லை. என் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். தண்டவாள ஆணி அடிக்கும்போது சுத்தியல் பட்ட தழும்பு, உனக்குத்தான் தெரியுமே.

“இந்தக் காயம் எப்போது பட்டது?” என்று மலாயில் கேட்டார்.

“வேலையில் சேர்ந்த புதிதில், துவான். இருபது வருடம் ஆகிறது.”

“நன்றாக யோசித்துச் சொல். கல்யாணத்தன்று எந்த விரலை வைத்தாய்?”

“வலதுதான். நான் எப்போதும் வலதுதான் வைப்பேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்படியானால் அந்தப் பெண்ணைக் கட்டியவர் வேறு யாரோ.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. கூரையில் காற்றாடி சுற்றுவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. அந்த வாரம் கிள்ளானிலிருந்து புறப்படும் கப்பல் என் கண் முன்னால் வந்து நின்றது. அதன் படியில் நீ தகரப் பெட்டியோடு ஏறுகிறாய். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று கூட அந்த நேரத்தில் நினைத்தேன். அதிகாரி எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்.

அங்கே நடந்ததை நீ பிறகு எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு முறையும் நடித்தே காட்டுவாய். “உங்க வீட்டுக்காரரு எந்தக் கைய வச்சாருன்னு கேக்குறாங்க” என்றாராம் அந்தத் தமிழ்ப் பெண்.

“ஏம்மா அந்த வயித்தெரிச்சலக் கெளப்புறீங்க” என்று நீ ஆரம்பித்தாயாம். “இவரு வலது கையத்தான் நீட்டுனாரு. எங்க ஊர்ல எடது கைதான்னு குமாஸ்தா புடிச்சு வச்சாரு. வச்ச மையத் தொடைக்க இவருக்கு வேற எடமே கெடைக்கல. புதுக் கூறைப்பொடவ. கப்பல்ல ஏழு நாளும் சொல்லிச் சொல்லித் திட்டுனேன். காதுல வாங்கினாத்தானே.”

கதவு திறந்தது. நீ முந்தானையின் ஓரத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி உள்ளே வந்தாய், பின்னாலேயே அதிகாரியும் அந்தத் தமிழ்ப் பெண்ணும். சிவப்புக் கட்டத்துக்குள் ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல். அதிகாரி என் இடது கையைப் பிடித்து மையில் தோய்த்து வெள்ளைத் தாளில் அழுத்தினார். பூதக்கண்ணாடி எடுத்துப் பதிவுத் தாளைப் பார்த்தார், வெள்ளைத் தாளைப் பார்த்தார். பிறகு, தேவையே இல்லை, உன் முந்தானையையும் குனிந்து பார்த்தார்.

“சொந்தக் கல்யாணத்தில் எந்தக் கை வைத்தோம் என்றுகூடத் தெரியாதா?” என்று என்னைக் கேட்டார். தமிழ்ப் பெண் உனக்கு அதைச் சொன்னார். நீ சொன்னாய்: “அவரு எங்கங்க கையப் பாத்தாரு. வாயப் பொளந்துக்கிட்டு நான் கையெழுத்துப் போடறதையில்ல பாத்துக்கிட்டிருந்தாரு.”

அது மலாயாகி அவர் காதுக்குப் போகச் சிறிது நேரம் பிடித்தது. போனதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஒரு வருடத்துக்கு முத்திரை குத்தினார். நிரந்தரமாகத் தங்குவதற்கான சிவப்பு அட்டை உனக்கு வர அதன் பிறகும் பல வருடம் ஆனது. ஆனால் நீ அதற்குக் காத்திருக்கவில்லை. அன்று பஸ்ஸை விட்டு இறங்கி, புடவையைக்கூட மாற்றாமல் பெட்டியைத் திறந்தாய். ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாய். வெளியே ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. நீ அடுக்கி முடிக்கும்வரை அது போய்த் தீரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ரயிலை நான் பார்த்ததில்லை.

எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நீ பலமுறை சொன்னாய். நீதான் இருக்கிறாயே என்பேன். போன வருடம் ஆஸ்பத்திரியில் உன் உடலை வாங்கும் தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அன்று மட்டும் நானாகவே இடது கையை நீட்டினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தகரப் பெட்டியில் இப்போது அந்தப் புடவை மட்டும் இருக்கிறது. கறை வெளுத்துவிட்டது, போகவில்லை. இந்த ஒரு மடலை எழுத எனக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது. ஆறு நாளும் சந்தோஷமாக இருந்தேன். அடுத்த வாரம் கப்பலில் பார்த்த பறக்கும் மீன்களைப் பற்றி எழுதுகிறேன். மீன் என்று எழுத வருகிறது, பறப்பதற்குத்தான் இன்னும் கொஞ்சம் பழக வேண்டும்.

கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன். கடைசி எழுத்தில் உன்னைப் போல ஒரு சுழி போட்டுப் பார்த்தேன், சரியாக வரவில்லை. என் கையெழுத்தை நீ பார்த்ததே இல்லை. வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிடுவாய். அதனால் பக்கத்திலேயே இடது கட்டைவிரலையும் வைத்திருக்கிறேன். மையைத் துடைக்கவில்லை.