மூடுபனிக்குள் லயத்து விளக்குகள்

ஜனவரி 6, திங்கள்

எல்ல ஊர்ப் பக்கம் கட்டப்போகும் ஹோட்டலுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு விளம்பரப் படம். பண்டாரவளை ஸ்டூடியோவில் மூடுபனிக்கு நான்தான் பொறுப்பு. மற்றவர்கள் வெள்ளையை அப்பிவிட்டுப் பனி என்பார்கள். என் புரோகிராமில் வெளிச்சம் ஒரு நீர்த்துளியில் பட்டுத் தெறித்து, அடுத்ததில் பட்டு, அலைந்து திரிந்துதான் கண்ணுக்கு வரும். கம்ப்யூட்டர் திணறுகிறது. திணறட்டும்.

எதிர்ச் சரிவில் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை. அதையும் விளக்குகளோடு படத்தில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

கொழும்பிலிருக்கும் ஹோட்டல்காரருக்கு அந்த விடியற்காலைப் பனி ரொம்பப் பிடித்ததாம். பொன்னாக இருக்கிறதாம்.

"அந்தப் புள்ளிப் புள்ளி லைட்ட மட்டும் எடுக்கச் சொல்றாரு. லயம் தெரியக் கூடாதாம்" என்றார் முதலாளி ஷாமில்.

"சூரியனே வரல்ல, பொன்னு எங்கேருந்து வருது சேர்? அந்த லைட்டுதான் பனியில பரவுது. அந்த நேரத்துல எந்த லயமும் தூங்காது. ரொட்டி சுடணும், புள்ளைகளக் கெளப்பணும், வேல பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நிக்கணும்."

"ரெண்டு நிமிஷ வேல நிரஞ்சலா. அணைச்சிருங்க."

மாட்டேன் என்றேன். அப்படியானால் நாளைக்கு வர வேண்டாம் என்றார்.

சரிதான். நாங்க பறிச்ச கொழுந்து வேணும், எங்க வெளிச்சம் வேணும், நாங்க மட்டும் வேணாமா? எந்த ஊரு நியாயம் இது?

ஜனவரி 9

அம்மா கொழுந்து பறிக்கக் கட்டும் இடுப்புப் படங்கை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "லைட்ட அணைக்க மாட்டேன்னா வேலய விட்ட? நம்ம லைட்டா?"

"ஆமாம்மா."

தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். பயமாகத்தான் இருக்கிறது. இந்த மலையில் இந்த வேலைக்கு வேறு இடம் கிடையாது.

ஜனவரி 12, ஞாயிறு

ஷாமில் சேர் போன் எடுத்தார். அவரே விளக்குகளை அணைத்துப் பார்த்திருக்கிறார். பனி சாம்பலாகிவிட்டதாம்.

"பழைய பொன்னு எங்கேன்னு ஹோட்டல்காரர் கேக்குறாரு. மேல ஒரு லைட்டு வச்சுப் பாத்தேன், கல்யாண வீடு மாதிரி இருக்கு."

"லயத்தப் போடுங்க, வர்றேன்."

"அவர் ஒத்துக்கணுமே."

"சொல்லிப் பாருங்க. லயம் இல்லாம நான் வர மாட்டேன்."

வைத்துவிட்டார்.

ஜனவரி 14

பொங்கல். போன் இல்லை. வராவிட்டால் போகட்டும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பொன் வேண்டுமென்று ஹோட்டல்காரர் கடைசியில் லயத்துக்கு ஒத்துக்கொண்டார், நானும் வேலைக்குத் திரும்பினேன். எல்லச் சந்தியில் விளம்பர போர்டு ஏறிவிட்டது. அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். எங்கள் வரிசை முழுக்க எரிகிறது. எது நம் வீடு என்று கேட்டு, நெடுநேரம் பார்த்தாள்.

"ஏண்டி, நம்ம லைட்டு மட்டும் மங்கலா இருக்கு?"

"நம்ம பல்பு சின்னதும்மா. உள்ளபடிதான் போட்டேன்."

நேரே கடைக்குள் போய்ப் பெரிய பல்பாக ஒன்று கேட்டு வாங்கினாள்.