ஏழாம் எண்ணின் தாளம்

அக்கா,

இன்று காலை பேனாவுக்கு ரீஃபில் வாங்க மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் ரீஃபிலைத் தேடி ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தவை வாசனை ரப்பர்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்க முகர்ந்துகொண்டிருப்பார்களே, அதே ரோஜா நிறம், அதே பழ மிட்டாய் வாசனை. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். ரயில்வே மேம்பாலப் படிக்கட்டு வரை போய், கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்து ரீஃபிலை வாங்கினேன். அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. செய்தி கேட்டு வந்தேன். வயலின் பெட்டியைத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம் நின்றேன். உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி அடிக்கடி கேப்பா டீச்சர்" என்றார். ஒரே தெருவில் இருபது வருஷம் உங்களோடு பேசாமல் இருந்தவள் நான்.

சேலையூரில் நாம் குடிவந்த புதிதில் நான் பள்ளியில் கணக்கு டீச்சர், நீங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவர். நான் விடைத்தாள் திருத்தும்போது உங்கள் வீட்டிலிருந்து சரளிவரிசை வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் போன பிறகு நீங்கள் தனியாக வாசிப்பீர்கள். அப்போது நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன். எனக்கு ராகம் தெரியாது. ஆனால் ஒரு கணக்கின் கடைசி வரியில் எல்லாம் அடிபட்டு விடை ஒன்று என்று வந்து நிற்குமே, உங்கள் கல்யாணி அப்படித்தான் வந்து நிற்கும்.

அவ்வளவு வாசிப்பும் நாட்டியக் கச்சேரிகளுக்கும், பெண்கள் பாடுகிற பகல் நேரக் கச்சேரிகளுக்கும்தான் போயிற்று. பெரிய ஆண் வித்வான்கள் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட மாட்டார்கள். வில்லில் பலம் போதாது என்பார்கள். ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னீர்கள்: "நடுவுல ஒரு திரையக் கட்டிட்டுக் கேக்கச் சொல்லு டீச்சர். ஆம்பளை வில்லா பொம்பளை வில்லான்னு எவனாவது சொல்லட்டும், நான் வயலினை மூட்டை கட்டிடறேன்."

அந்தத் திரையை நான் மறக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் நம் பக்கத்து சபாவில் இளம் பாடகர்களுக்குப் போட்டி வைத்தபோது, மதிப்பெண் கூட்ட ஒரு கணக்கு டீச்சர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு யோசனை சொன்னேன். பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை எடுத்துவிட்டு டம்மி நம்பர் போடுவோம். அதுபோல இங்கேயும் பாடுகிறவர்களுக்கு எண் மட்டும். நடுவர்கள் திரைக்குப் பின்னால். காரியதரிசிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பள்ளி நாடகத்துக்குத் தைத்த நீலத் திரையை நானே துவைத்துக் கொண்டுவந்து கட்டினேன். நடுவராக உங்களையும் போட வேண்டும் என்று சொன்னதும் நான்தான்.

நடுவர்கள் மூன்று பேர். மிருதங்க வித்வான் ஒருவர், நீங்கள், அப்புறம் அந்தப் பெரிய பாடகர். அவர் பெயரை இங்கே எழுத மனமில்லை. அவருடைய பழக்கம் ஊருக்கே தெரியும். மேல் ஸட்ஜத்துக்குப் போவதற்கு முன் தொண்டையை ஒரு தரம் 'க்கும்' என்று கனைத்துக்கொள்வார். அவருடைய சிஷ்யர்கள் அத்தனை பேரும் அதையும் சேர்த்தே பாடம் பண்ணியிருப்பார்கள். கனைப்பை வைத்தே இது இன்னார் பள்ளி என்று சொல்லிவிடலாம் என்று நீங்கள் நடித்துக் காட்டி, நான் சிரித்துச் சிரித்துப் புரையேறியது நினைவிருக்கிறதா?

முதல் பரிசு சாமானியமானதில்லை. மார்கழி விழாவில் ஒரு மாலைக் கச்சேரி. அதோடு ஒரு வித்வானிடம் மூன்று வருஷம் பாடம், சபாவே ஏற்பாடு செய்யும். இரண்டாம் பரிசு ஓர் எவர்சில்வர் குடம்.

ஏழாம் எண் பாடினாள். ரயில் பாதை ஓரத்து ஹால் அது. நடுவில் ஒரு மின்சார ரயில் போயிற்று. மற்ற பிள்ளைகள் ரயில் போகும்போது குரலை உயர்த்தினார்கள், இவள் தாழ்த்தினாள். அது போன பிறகு, விட்ட இடத்திலிருந்து மேலே ஏறினாள். ஏறுவதற்கு முன்னால், 'க்கும்'. பெரியவர் முகம் மலர்ந்ததை மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். மிருதங்க வித்வான் பக்கம் சாய்ந்து, "கேட்டீங்களா? நம்ம பாடம்" என்றார். தொண்ணூற்று நான்கு போட்டார். நீங்கள் தொண்ணூற்று மூன்று. மிருதங்கம் தொண்ணூறு.

பதினொன்றாம் எண் வந்தபோது யாரோ சளி பிடித்த பெண் பயந்து பயந்து பாடினாள். பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி எண்பது போட்டார். அவ்வளவுதான்.

போட்டி முடிந்து, நான் எண்களுக்கு நேரே பெயர்களை எழுதி நீட்டினேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பதினொன்றாம் எண்தான் அவருடைய சிஷ்யை. ஒரு தரம் கனைத்தால் இருமல் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து, அன்றைக்கு அவள் கனைக்கவே இல்லை. ஏழாம் எண், செல்வி, பல்லாவரம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடி விற்பவரின் மகள். விண்ணப்பத்தில் குரு என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. வானொலியில் வந்த அவருடைய கச்சேரியை டேப்பில் பிடித்து, கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணியிருக்கிறாள். கனைப்பும் பாட்டைச் சேர்ந்தது என்று நினைத்துவிட்டாள், குழந்தை.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மிக மெதுவாக, "ஏழுக்குத் தாளம் கொஞ்சம் அவசரம், கவனிச்சீங்களா?" என்றார். சபாவில் மதிப்பெண்ணைப் பென்சிலில் போடுவதுதான் வழக்கம். நடுவர்கள் கலந்து பேசிக் கூட்டிக் குறைக்க வசதி என்பார்கள். தன் பென்சிலின் பின்பக்கத்து ரப்பரால் தொண்ணூற்று நான்கை அழித்து எண்பது ஆக்கினார். பதினொன்றுக்குப் போட்ட எண்பதை அழித்துத் தொண்ணூற்று ஐந்து ஆக்கினார். மிருதங்க வித்வான் எழுந்துவிட்டார். "தாளத்த நான் பாத்துக்கறேன், நீங்க பாட்டப் பாருங்க. நான் போட்டது போட்டதுதான்" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனார்.

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஏழு, இருநூற்று அறுபத்து மூன்று. பதினொன்று, இருநூற்று ஐம்பத்திரண்டு. அப்பாடா, இன்னும் அந்தப் பெண்தான் என்று மூச்சு விட்டேன். அவருக்கும் கணக்கு தெரிந்திருந்தது. உங்கள் பக்கம் திரும்பி, மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. "மார்கழியில எனக்கு ஒரு கச்சேரிக்கு இன்னும் வயலின் முடிவாகல. உங்களுக்கு சௌகரியப்படுமா?" என்றுதான் கேட்டார்.

நீங்கள் உங்கள் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் பென்சிலில் ரப்பர் இல்லை. என் மேஜையில், முந்தின நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் நான் பிடுங்கி வைத்த வாசனை ரப்பர் கிடந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினீர்கள்.

"டீச்சர், அந்த ரப்பரக் குடுங்க."

கொடுத்தேன்.

இருபது வருஷமாக மதிப்பெண் போட்டவள் நான், அக்கா. மதிப்பெண்ணை மாற்றினால் பழையது தெரியும்படி ஒரு கோடு அடித்து, புதியதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். யார் மாற்றினார்கள் என்று உலகத்துக்குத் தெரிய வேண்டும். புதிதாக வரும் டீச்சர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். கோடு அடித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் உங்கள் கை நின்றிருக்குமா? இந்தக் கேள்வியை நான் நூறு விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. தொண்ணூற்று மூன்று எண்பதாயிற்று. ஏழு, இருநூற்று ஐம்பது. இரண்டு மதிப்பெண்ணில் பதினொன்றுக்கு முதல் பரிசு. கூட்டியது நான்தான். கூட்டலில் பிழை இல்லை.

பரிசளிப்பு முடிந்து வாசலில் செல்வியின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் குடம். பக்கத்தில் அந்தப் பெண், பாவாடை ஓரத்தில் செம்மண் கறை.

"ரெண்டு மார்க்குல பூட்ச்சாமே டீச்சர்? அத்தெல்லாம் பரவால்ல. எங்க தப்பு பண்ணிச்சுன்னு சொல்லுங்க, அடுத்த தபா திருத்திக்கும்."

சண்டை போட வந்திருந்தால் தாங்கியிருப்பேன். பரீட்சைத்தாளை நீட்டி, விடை எங்கே தப்பு என்று கேட்கிற பிள்ளையைப் போல அவர் கேட்டார். டீச்சர் என்றால் தெரியும் என்று நம்பிக் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் திரையை மடித்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பவில்லை.

"தாளம் கொஞ்சம் அவசரம்" என்றேன்.

பஸ்ஸில் உங்களிடம் ஏன் என்று கேட்டேன். "கணக்கு வேற, சங்கீதம் வேற டீச்சர். அவங்கவங்க காதுக்கு ஒண்ணு" என்றீர்கள். திங்கட்கிழமை ரப்பரை அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "கறுப்பாயிடுச்சே டீச்சர்" என்றாள்.

மார்கழிக் கச்சேரிக்கு வந்தேன், உங்களுக்குத் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் கனைத்தார். நீங்கள் வில்லை எடுத்தீர்கள். நன்றாக வாசித்தீர்கள், அக்கா. மோசமாக வாசித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த வருஷம் அவர் உங்களைக் கூப்பிடவில்லை. என் வீட்டுக்கு வந்து காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "லேடீஸ் வாசிச்சா கச்சேரி களை கட்டலயாம். சபால சொல்றாங்களாம்." உங்கள் கண் கலங்கியிருந்தது. நான் என்ன சொன்னேன்? "அவங்கவங்க காதுக்கு ஒண்ணு, இல்லியா அக்கா." டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். பாதிக் காபி இருந்தது. அதற்குப் பிறகு நீங்களும் வரவில்லை, நானும் வரவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் செடிகளுக்குப் பின்னால் செல்வி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் என்னைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். அப்பா இல்லை, கடையை அவள் பார்க்கிறாள். ஒரு மல்லிகைச் செடியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். இன்னும் பாடுகிறாயா என்று கேட்டேன். சிரித்தாள்.

"வுட்டு ரொம்ப நாளாச்சு டீச்சர். எனக்குத் தாளம் நிக்காதுல்ல? நீங்கதான சொன்னீங்க. அதுக்கப்புறம் பாட குந்துனாலே தாளம் போடுற கை நடுவுல நின்னுடும். கரீட்டா போட்டாலும் தப்போன்னு தோணும். சரி, நமக்கு வராதுன்னு வுட்டுட்டேன்."

உன் தாளம் சரிதான் பெண்ணே என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அடுத்து ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்குள் நீங்கள் இருந்தீர்கள், ரப்பர் இருந்தது, நான் இருந்தேன். செடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று உங்கள் வாசல் வரை வந்தேன். உள்ளே பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் தொடையில் தட்டித் தாளம் போடுகிற சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன். இந்தச் செய்தி உங்களுக்குத் தெரியாமலேயே போகட்டும் என்று அப்போது ஒரு வன்மம் இருந்தது. இரக்கம் என்று எனக்கே பெயர் மாற்றிச் சொல்லிக்கொண்டேன். உங்களைத் திட்டிக்கொண்டிருந்த வரையில் என்னைக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் அழித்தது ஒரு தாளில் இருந்த எண்ணை. நான் அந்தப் பெண்ணிடமே போய், அவள் கையில் இருந்த தாளத்தை அழித்தேன்.

நீங்கள் போன பிறகு நான்கு வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனேன், அவளிடம் சொல்லிவிடலாம் என்று. செடிக்கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். முன்பு இங்கே இருந்தவர்களைத் தெரியாது என்றார்கள்.

மல்லிகை என் மாடியில் இருக்கிறது. பூக்கிறது. பறித்து யாருக்கும் கொடுப்பதில்லை.

இந்த மடலில் மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறேன், அக்கா. 'நீங்கள்' என்று எழுதியதைக் கோடு அடித்து 'நான்' என்று மாற்றிய இடங்கள் அவை. அடித்தது தெரிகிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன்.