‘மற்றவை’ என்ற கடைசிப் பட்டை

12 ஜூன் 2009, வெள்ளி

பன்றிக் காய்ச்சலை உலகக் கொள்ளைநோய் என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். காலையில் முதலாளி சிவராஜ் சார் கூப்பிட்டார்.

“சித்ரகலா, எந்த நாட்டுல எத்தன பேரு செத்திருக்காங்கன்னு வாராவாரம் ஒரு சார்ட் போட்டுக் குடு கண்ணு. எந்த பையர் ஆர்டர நிறுத்துவான்னு முன்னாலயே தெரியோணும்.”

போன வருஷ வர்த்தக மந்தத்திலேயே பாதி மெஷின் நின்றுவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மதியத்துக்குள் போட்டுவிட்டேன். மெக்சிகோ சிவப்பு, அமெரிக்கா நீலம், கனடா பச்சை. பையர் இல்லாத, அதாவது நம்மிடம் பனியன் வாங்காத நாடுகளையெல்லாம் கூட்டி, ‘மற்றவை’ என்று கடைசியில் ஒரு சாம்பல் பட்டை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

3 ஜூலை

அர்ஜென்டினா ஏறுகிறது. அங்கே இப்போது குளிர்காலமாம். “அங்க நமக்கு பையர் யாரும் இல்லியே?” என்றார் சார். இல்லை என்றேன். “அப்பச் செரி.” எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

5 ஆகஸ்ட்

புனேயில் ஒரு பள்ளி மாணவி இறந்துவிட்டாள். இந்தியாவில் முதல் சாவு. தையல் ஹாலில் எல்லோர் மூக்கிலும் கைக்குட்டை, பனியன் துணியில் கிழித்த கட்டு. என் சார்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார் சார். இந்தியாவில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் என்று ஜனங்களுக்குத் தெரியட்டுமாம்.

20 ஆகஸ்ட்

டீ நேரத்தில் செக்கிங் பிரிவு ஆஷா போர்டு முன்னால் வெகுநேரம் நின்றிருந்தாள். தெற்கே நாசரேத் பக்கத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள்.

“மேடம், இதுல மொரீஷியஸ் எங்க இருக்கு?”

அவள் கணவன் முனீஸ் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் மெக்கானிக்காம். போன வருஷம் காண்ட்ராக்டில் போனவன். எனக்குத் தெரியவே தெரியாது. சாம்பல் பட்டையைக் காட்டினேன்.

“இந்த மத்தவைக்குள்ள இருக்கும்மா.”

அவள் அதன் மேல் விரலை வைத்தாள். “இதுக்குள்ள எங்க?”

மேஜைக்கு வந்து தேடினேன். விரல்விட்டு எண்ணும் அளவு சாவுகள்தான். ஆனால் சின்னத் தீவு. பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று போட்டுப் பார்த்தால், நான் சிவப்பும் நீலமும் பூசிய நாடுகளைவிட அது உயரமாக நிற்கிறது. இத்தனை வாரமாக நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? மொரீஷியஸுக்குத் தனிப் பட்டை போட்டுப் புதுச் சார்ட் ஒட்டினேன். சார் அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

24 ஆகஸ்ட், திங்கள்

முனீஸுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவனோடு தங்கியிருப்பவன் ஆஷாவுக்குப் போன் செய்திருக்கிறான். முனீஸின் போன் அறையிலேயே கிடக்கிறதாம்.

செக்கிங் மேஜையில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. “அவ நேத்துத்தான் ஊட்டுக்காரர்கிட்டப் பேசுனாளாமுங்க” என்று அதே மேஜை வள்ளியாத்தாள் என்னிடமே வந்து சொல்கிறாள்.

“போன் வழியா காய்ச்சல் வருமாக்கும்?” என்று கத்திவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. ஆஷாவை என் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து வேலை கொடுத்தேன்.

26 ஆகஸ்ட்

மொரீஷியஸில் இன்னும் ஒருவர் இறந்திருக்கிறார். பெயர் போடவில்லை.

27 ஆகஸ்ட்

காலையில் வந்ததும் கேட்டாள். “ஏறியிருக்கா மேடம்?”

“ஒண்ணு.”

பனியனைத் திருப்பிப் போட்டுத் தையல் பார்க்க ஆரம்பித்தாள். ஒரே பனியனை மறுபடி மறுபடி.

பொய் சொல்லியிருக்கலாமோ? ஏறலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? இல்லை — நாளைக்கு அதுதான் அவர்னு தெரிஞ்சா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?

முனீஸின் கம்பெனிக்குப் போன் போட்டேன். யாரோ பிரெஞ்சில் பேசி வைத்துவிட்டார்கள். சாரிடம் போய் நின்றேன். முனீஸை அனுப்பிய சென்னை ஏஜென்ட்டை எப்படியோ பிடித்து, மதியம் முழுக்க விடாமல் பேசினார். “அந்தப் பொண்ணு இங்க தவிச்சுட்டிருக்குதுங்க. உசுரோட இருக்காரா இல்லியா, அதைய மட்டும் சொல்லுங்க.”

28 ஆகஸ்ட்

முனீஸே பேசினான்! யாரோ நர்ஸின் போனிலிருந்து. “கஞ்சி குடிச்சாகளாம், கஞ்சி குடிச்சாகளாம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் ஆஷா. வள்ளியாத்தாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆஷா கேட்டாள்: “அப்ப அது யாரு மேடம்?”

எனக்குத் தோன்றவேயில்லை. அவன் இல்லை என்றதும் அந்த ஒன்று எனக்கு மறந்தேபோய்விட்டது. அவள் மாலையில் சர்ச்சுக்குப் போய் இரண்டு பேருக்காகவும் ஜெபம் செய்தாளாம்.

14 செப்டம்பர்

அடுத்த கோடைக்கான ஆர்டர்கள் வந்துவிட்டன. “சார்ட் போதும் கண்ணு” என்றார் சார். போர்டிலிருந்து கிழித்தெடுத்தேன்.

27 டிசம்பர், ஞாயிறு

முனீஸ் கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்திருக்கிறான். அனுப்பர்பாளையத்தில் அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. ஆஷா என்னை அக்கா என்கிறாள். எப்போது மேடத்திலிருந்து மாறினாள் என்று தெரியவில்லை.

சாப்பிடும்போது அவளே அவனிடம் கேட்டாள், அன்றைக்கு இறந்தது யார் என்று.

“எங்க கம்பெனி பஸ் டிரைவரு. ஒரே நாள்லதான் ரெண்டு பேரையும் சேத்தாக. பக்கத்துக் கட்டில். பேரு சினாப்பென். நம்ம சின்னப்பன்தான் அங்க அப்பிடி ஆயிருக்கு. அவரு பாட்டன் முப்பாட்டன் காலத்துல கரும்பு வெட்டப் போனவுகளாம். வணக்கத்தத் தவிர அவருக்குத் தமிழ் தெரியாது. பஸ்ல ஏறும்போதெல்லாம் எங்களுக்கு அதைச் சொல்லுவாரு.”

மொரீஷியஸுக்கு அவன் பிப்ரவரியில் திரும்பிப் போகிறான். போனதும் டிரைவரின் கடைசி மகளுக்குக் கல்யாணமாம். கம்பெனிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

நாளை வேலை முடிந்ததும் நானும் ஆஷாவும் அந்தப் பெண்ணுக்குச் சேலை எடுக்கப் போகிறோம். பட்டுதான் எடுக்க வேண்டும் என்று ஆஷா சொல்லிவிட்டாள்.