மலரின் முகத்துக்கு ஒரு கைப்பிடி வெளிச்சம்

18 ஜூலை 2025, வெள்ளி

முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டிடம் என்று வைத்துக்கொள்கிறேன். படிப்பின் கடைசி ஆண்டில் வாங்கி, நான்கு பக்கம் எழுதிவிட்டு மூடி வைத்தது. நோட்டில் எழுதும் அளவுக்கு எனக்கு ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் இன்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருக்கிறது. எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

மகேன் அண்ணனின் ஸ்டூடியோவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பிரிஞ்சாங் டவுன் கடைவரிசையில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள். அவர் கேமரா பிடிப்பார், நான் லைட் பிடிப்பேன். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் யூனிவர்சிட்டிக்குப் போன முதல் ஆள் நான். “படிச்சிட்டு வந்து லைட்டுக் கம்பமா நிக்கிறா” என்று யாரோ சொன்னது அம்மா காதில் விழுந்திருக்கிறது. அம்மா மூன்று நாள் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

நேற்று ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் கல்யாணம் இல்லை. அண்ணன் புதிதாக வந்த குட்டி லைட்டை என்னிடம் கொடுத்து, “வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பழகுலா. கீழ போட்டுறாத” என்றார். சோப்புப் பெட்டி அளவுதான். முதுகில் காந்தம். ஒரு திருகு வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். இன்னொரு திருகு வெள்ளையை மெல்ல மெல்ல மஞ்சளாக்கும்.

அதை அரிசி டின்னில் ஒட்டவைத்து எரியவிட்டேன். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு நடுவே வழிந்த புளித்தண்ணீர் தேன்போல ஒளிர்ந்தது. அடுப்பின் ஆவி எழுந்து, திரும்பி, கலைந்தது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது.

இருபத்து நான்கு வருடம் சாப்பிட்ட சமையலறை. இன்றுதான் பார்த்தேன்.

20 ஜூலை, ஞாயிறு

அம்மாவை ஒரு படம் எடுக்கலாம் என்று கேட்டேன். மறுத்துவிட்டாள்.

“ஒத்தையா எடுக்கக் கூடாது. அது மாலை போடுற படம்.”

“அப்ப யாரையாச்சும் கூப்பிடவா?”

யாரையும் கூப்பிடவில்லை. முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். “இப்ப ஒத்தை இல்ல. எடு.”

ஸ்டூடியோ வழக்கப்படி லைட்டை முகத்துக்கு நேராக, முழு வெளிச்சத்தில் வைத்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தாள். கோழி அழகாக விழுந்திருந்தது. அம்மா என் போனை வாங்கிப் பார்த்து, “கோழிய மட்டும் வச்சுக்க” என்றாள்.

பிறகு வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து, பக்கவாட்டில், சன்னல் கம்பியில் ஒட்டினேன்.

அம்மாவின் கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. தேயிலைக் கிளை கீறியதாம், எனக்கு இரண்டு வயதிருக்கும்போது. எனக்குத் தெரியவே தெரியாது.

23 ஜூலை, புதன்

மலர் வீட்டுக்குப் போயிருந்தேன். எதிர் லயம். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள், இப்போது தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறாள். ஆகஸ்ட் 29ஆம் தேதி அவளுக்குக் கல்யாணம். எங்கள் ஸ்டூடியோதான் எடுக்கிறது. ஜூனில் நடந்த நிச்சயதார்த்தத்தையும் நாங்கள்தான் எடுத்தோம்.

அந்த ஆல்பம் வந்திருந்தது. மடியில் விரித்து வைத்துக்கொண்டு பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

“வசு, இது யாருடி?”

“நீதான்.”

“நான் இல்ல. யாரோ ஒரு பொண்ணு என் சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிது.”

மலர் நல்ல கறுப்பு. ஆல்பத்தில் இருந்தவள் பால்மாவு நிறம். கை மட்டும் மலருடைய கை. அன்றைக்கு அண்ணன் “ஃபுல்லா வை, ஃபுல்லா வை” என்று சொல்லச் சொல்ல முழு வெளிச்சத்தை அவள் முகத்தில் கொட்டியது நான்தான். போதாததற்கு அண்ணன் கம்ப்யூட்டரிலும் வெளுக்கவைத்திருக்கிறார்.

“கல்யாணத்துலயாச்சும் என் மூஞ்சிய எனக்குக் குடுங்கடி. நாளைக்கு என் புள்ள பாத்துட்டு, ‘அம்மா எங்க’ன்னு கேக்கும்.”

சரி என்று சொல்லிவிட்டேன்.

24 ஜூலை

சரி என்று சொல்ல நான் யார்? லைட்டுக் கம்பம்.

2 ஆகஸ்ட், சனி

இன்று கற்றது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மாலை நான்கு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அம்மாவைத் தேடிப் போனேன். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் லோரிகூடத் தெரியவில்லை. லைட்டை நேராக மூட்டத்துக்குள் காட்டினேன். காட்டியதும் எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. வெளிச்சம் கூடக்கூடச் சுவர் தடித்தது. ஆட்கள் காணாமல் போனார்கள்.

லோரியின் பக்கத் தகரத்தில் ஒட்டி, குறைத்து, அவர்கள் நடந்து வரும் பாதைக்குக் குறுக்காக விழும்படி செய்தேன்.

எப்படி எழுதுவது? மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் தலைத்துணியில் தொங்கிய நீர்த்துளிகள். துளித்துளியாக, எண்ணிவிடலாம் போல. பிறகு நெற்றி. பிறகு மூக்கு. பிறகு அம்மா. அவர்களுக்குப் பின்னால் மூட்டம் முழுவதும் பொன்னாக மிதந்தது. நான் படம் எடுக்க மறந்து நின்றேன்.

கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் மண்டோர் இருளப்பன், “என்ன புள்ள, சாமி வந்துருச்சா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டது அப்படியொன்றும் தப்பில்லை.

9 ஆகஸ்ட், சனி

கியா பார்மில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பாவிடம், செடிகளுக்குப் போட்ட கூடாரத்திலிருந்து கிழிந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று கேட்டு வாங்கினேன். வெயிலில் பழுத்துப் பால் நிறமாகிப்போனது. லைட்டின் மேல் ரப்பர் வளையத்தால் கட்டினேன். வெளிச்சம் உறைப்பு போய், மோர்போல ஆனது.

மலர் வீட்டில் வைத்துப் பார்த்தோம். மஞ்சள் பக்கம் கொஞ்சம் திருகினேன். குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.

கறுப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவந்திருக்கிறோம். அது ஒரு நிறமே இல்லை! கன்ன எலும்பின் மேல் செம்பு. கண்ணுக்குக் கீழே நாவற்பழம். மேலுதட்டின் மடிப்பில் சாம்பல் கலந்த ஊதா. கழுத்து வளைவில் ஒரு கோடு, எண்ணெய் தடவிய தேக்கு மாதிரி. மலரிடம் இத்தனையும் இருந்திருக்கின்றன. பதினெட்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

“என்னடி அப்படிப் பாக்குற? பயமா இருக்கு.”

“ஆடாத.”

“மாப்பிள்ளகூட இப்படிப் பாத்ததில்ல.”

“வாய மூடு, ஆடுது.”

15 ஆகஸ்ட், வெள்ளி

அண்ணனிடம் சொல்ல முயன்றேன். காலையிலிருந்து நான்கு முறை அவர் மேசைக்கு அருகே போய் நின்றேன். நான்காவது முறை, “என்னா வசு, லீவு வேணுமா?” என்றார்.

“இல்லண்ணே. மலர் கல்யாணத்துக்கு… லைட்ட கொஞ்சம் கொறைச்சு…”

“கொறைச்சா?”

“அவ கலருலயே வரட்டும்னு…”

நாற்காலியைத் திருப்பினார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “இங்க பாரு. போன வருசம் ஒரு பொண்ண உள்ளபடி எடுத்தேன். மாமியார்க்காரி ஆல்பத்த கடைக்குக் கொண்டுவந்து, பத்துப் பேரு முன்னால மேசையில வீசிட்டுப் போனா. ‘எங்க மருமகள அசிங்கப்படுத்திட்டே’ன்னு. நாம கலைக்கு எடுக்கலலா. வீட்டுக்கு எடுக்கிறோம்.”

தலையாட்டினேன். எட்டு மாதமாக நான் நன்றாகச் செய்யும் ஒரே வேலை அது.

அவர் சொல்வதும் உண்மைதானே? அப்படியானால் மலர் சொன்னது?

28 ஆகஸ்ட்

மருதாணி வைத்தாயிற்று. மேக்கப் போடுகிற அக்காவிடம் மலரே சொல்லிவிட்டாள்: “கழுத்தும் மூஞ்சியும் ஒரே ஆளா இருக்கணும்கா.” அவள் பாதியைச் செய்துவிட்டாள். மீதி என் கையில்.

29 ஆகஸ்ட், வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

முகூர்த்தம் காலை ஆறே முக்காலுக்கு. எஸ்டேட் கோயில் மண்டபம். மூன்று பக்கமும் திறந்தது. அண்ணன் இரண்டு பெரிய லைட்டுகளை மணவறைக்கு நேர் எதிரே நிறுத்தியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா நீலாவதி ஈப்போவிலிருந்து வந்தவர், நல்ல உயரம். அண்ணனிடம் வந்து, “தம்பி, பொண்ணு பளிச்சுன்னு தெரியணும்” என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆறரைக்கு மூட்டம் வந்தது. மலைச்சரிவில் ஏறி, படி ஏறி, மண்டபத்துக்குள் நுழைந்து, ஆட்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. ஐயர் ஓமத்தில் நெய் விட்டார், புகையும் சேர்ந்துகொண்டது. மணவறைக்கு முன்னால் அதே வெள்ளைச் சுவர். அண்ணன் கேமராத் திரையைப் பார்த்து, “ஒண்ணுமே தெரியலலா! வசு, கூட்டு, கூட்டு!” என்று கத்தினார். கூட்டினேன். மலர் அடியோடு மறைந்தாள். நெற்றிச்சுட்டி மட்டும் ஒரு புள்ளியாக மினுங்கியது.

ஐயர் தாலித் தட்டை எல்லோரும் தொட்டுக் கும்பிட அனுப்பினார். அது சுற்றி வரும்வரைதான் நேரம்.

நான் குனிந்து இரண்டு பெரிய லைட்டுகளின் வயரையும் பிடுங்கிவிட்டேன்.

எழுதும்போதுகூட நம்ப முடியவில்லை. பிடுங்கினேன்.

“யாருலா லைட்ட அணைச்சது?”

“நான்தாண்ணே.”

“வசு!”

நான் மணவறைக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். மணவறையின் இரும்புக் காலில் குட்டி லைட்டை ‘டக்’கென்று ஒட்டினேன். பிளாஸ்டிக் துண்டு, மஞ்சள், கால்வாசி. மலரின் இடக் கன்னத்துக்குச் சற்று மேலே. பிறகு, என் வாழ்நாளில் நான் போட்ட முதல் அதட்டல்: “என்னப் பாக்காதீங்கண்ணே! ஸ்கிரீனப் பாருங்க!”

பார்த்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிவந்து, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மலர் குனிந்திருந்தாள். செம்பும் நாவலும் தேக்கும் அப்படியே. தாலி ஏறும்போது கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது, அதுவும் தெரிந்தது. அரிசி பறந்தது. ஒவ்வொரு அட்சதையும் மூட்டத்தில் ஒரு பொன்கோடு இழுத்துக்கொண்டு அவள் தலையில் விழுந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் உலகமே இல்லை, வெறும் ஒளி.

அண்ணன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. விரல் மட்டும் வேலை செய்தது.

நான் அழுதேன் போலிருக்கிறது. அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, “லைட்ட விட்டுட்டு வந்துட்டியே, யாராச்சும் எடுத்துருவாங்க” என்றாள்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

ஊர் முழுக்கச் சுற்றுலாக் கார்கள். ஸ்டூடியோவுக்கு நடந்தே போனேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்துப் போனேன்.

நீலாவதி அம்மாவும் மலரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மலருக்குப் பக்கத்தில் பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தேன். அண்ணன் எதையும் வெளுக்கவைக்காமல் பெரிய திரையில் போட்டார். போட்டுவிட்டு, அடி வாங்கப்போகிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நீலாவதி அம்மா கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். போட்டார். “கறுப்பாத்தான் இருக்கா” என்றார்.

கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்தத் தாலி கட்டுறத இன்னொரு தடவ போடுங்க தம்பி.” அண்ணன் போட்டார். “இன்னொரு தடவ.” மூன்றாவது முறை பார்த்துவிட்டு மலரின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “ம். இவதான்.”

மலர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் அவள் கால் என் காலை மிதித்தது. வலிக்கிற மாதிரி.

அவர்கள் போனபின் அண்ணன் சொன்னார்: “இனிமே வயரப் புடுங்குறதா இருந்தா, முன்னாடியே சொல்லிட்டுப் புடுங்கு.”

6 செப்டம்பர், சனி

ஸ்டூடியோ வாசல் கண்ணாடியில் இருந்த பழைய மணப்பெண்ணை அண்ணன் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் மலர். ரிங்லெட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, பிறகுதான் உள்ளே வந்தது. பெண்ணின் பெயர் புவனேஸ். மலரைவிட ஒரு மாற்றுக் கூடுதல் கறுப்பு. “இதே மாதிரி வேணும்” என்றாள். ஐப்பசியில் கல்யாணம்.

“எடுத்துரலாம்” என்ற அண்ணன் என்னைக் காட்டினார். “இந்தப் பொண்ணுதான் லைட்டு.”

அவர்கள் படி இறங்கிப் போகும்வரை காத்திருந்தேன். அண்ணன் தேதியை எழுதிக்கொண்டிருந்தார். இந்த முறை ஒரே தடவைதான் மேசைக்குப் போனேன். அந்தப் பெண்ணின் நெற்றி அகலம் என்றேன், சரி என்றார். வெளிச்சத்தை இன்னும் மேலேயிருந்து விடவேண்டும் என்றேன், சரி என்றார். சேலை கரும்பச்சையாம், மஞ்சளைக் குறைக்கவேண்டும் என்றேன், அதற்கும் சரி என்றார். “இன்னும் என்னா?” என்று தலை நிமிர்ந்தார்.

ஒன்று பாக்கி இருந்தது.

“அண்ணே, இந்தக் கல்யாணத்துக்கு லைட்ட நீங்க புடிங்க. கேமராவ எங்கிட்ட குடுங்க.”